கத்தி பட்டால் பரவுமா?

குலசேகரன்பட்டினத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால், டாக்டர் வாய் திறக்குமுன் ஊர் சொல்லிவிடும்: "சதையைத் தொட விட்டுராதீங்க அண்ணாச்சி. கத்தி பட்டா பரவிரும்லா!" கரிசனத்தில் வருகிற பேச்சுதான். ஆனாலும் இதைவிடக் கெடுதல் செய்கிற கரிசனம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இது எப்படிக் கிளம்பியிருக்கும் என்று ஊகிப்பது சுலபம். கட்டி பெரிதாகும்வரை பொறுத்திருந்து, வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஊசி போட்டுச் சோதனைக்குச் சதை எடுக்கிறார்கள். இரண்டு மாதத்தில் ஆள் படுத்துவிடுகிறார். நோய் முன்பே பரவியிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. ஊசி மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டது.

ஊசி போன தடத்தில் செல்கள் சிந்துவது நடக்கவே நடக்காதா? நடக்கும், மிக அரிதாக. கல்லீரல் புற்றில் அந்த வாய்ப்புச் சற்றுக் கூடுதல். ஸ்கேனிலேயே நோய் தெளிவாகத் தெரிந்தால் பல சமயம் அங்கே சதை எடுப்பதில்லை. விரையில் வரும் கட்டியை ஊசியால் குத்தாமல் விரையையே அகற்றிச் சோதிப்பார்கள். ஆக, குத்தக் கூடாத இடம் எதுவென்று மருத்துவத்துக்கே தெரியும். மார்பு, வாய், கருப்பை வாய்ப் புற்றுகளிலோ சதைப் பரிசோதனை முடியாமல் சிகிச்சையைத் தொடங்க மாட்டார்கள். அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு: "சின்னக் கட்டிதான்" என்று அறுத்தெடுத்துச் சோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போட்டுவிடுவதற்கு.

"டெஸ்ட்டு டெஸ்ட்டுன்னு நாளைக் கடத்துதாவ" என்பது அடுத்த புகார். காத்திருக்கும் நாட்கள் கொடுமையானவை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நாட்களில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. எடுத்த துணுக்கை ஃபார்மலினில் ஊறப்போட்டு, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். மார்புப் புற்று என்றால் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 ஏற்பிகளைத் தேடி மறுபடியும் சாயம். எந்த மருந்து பலிக்கும் என்பது அதில்தான் தெரியவரும். ஒரு வாரம், பத்து நாள் ஆகத்தான் செய்யும். பெரும்பாலான கட்டிகள் அதற்குள் கட்டம் தாண்டிவிடுவதில்லை. வேகமாகப் பெருகும் சில ரத்தப் புற்றுகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து அடையாறு, திருவனந்தபுரம் புற்றுநோய் மருத்துவமனைகளுக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட்டோடு அந்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். இரண்டாவது தடவை குத்து வாங்குவது மிச்சமாகலாம்.

கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடி பக்கத்திலேயே இருப்பதால் இன்னொன்று: "சீனிதான் புத்துக்குத் தீனி, கருப்பட்டி ஒண்ணும் செய்யாது." புற்றுச் செல்கள் குளுக்கோஸை அதிகம் இழுப்பது உண்மை, ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டது. பெட் ஸ்கேனும் அதை நம்பித்தான் இருக்கிறது. கதிரியக்க ஃபுளோரின் சேர்த்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றி, அது எங்கே குவிகிறது என்று படம் பிடிக்கிறார்கள். அந்தக் கதிரியக்கம் சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். ஆனால் அதே படத்தில் மூளையும் பளீரென்று ஒளிரும். அதற்கும் தீனி அதுதான். வாயைக் கட்டினால் புற்று பட்டினி கிடக்காது. கல்லீரல் தானாகவே குளுக்கோஸ் செய்து ரத்தத்தில் விடும், இளைப்பது நோயாளிதான். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சீனியிலுள்ள அதே சுக்ரோஸ். கருப்பட்டிக் காப்பி நிஜமாகவே ஆகாத வேளை பெட் ஸ்கேன் அன்று காலை! நாலு முதல் ஆறு மணி நேரம் வெறும் தண்ணீர்தான். ரத்தச் சர்க்கரை மிகவும் ஏறியிருந்தால் இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள்.

"அவளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா" என்று நோயாளியிடமே மறைப்பதும் உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறு மருத்துவமனையைத் தொடங்கியபோது அங்கே 12 படுக்கைகள்தான். மருந்து குறைவாக இருந்த அந்தக் காலத்து அச்சத்தை, தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பல புற்றுகள் குணமாகிற இந்தக் காலத்திலும் சுமக்கிறோம். கீமோ வார்டில் படுத்தவருக்கு, பக்கத்துக் கட்டில்காரரே எல்லாம் சொல்லிவிடுவார். அதைவிட, "எவ்வளவு தெரிஞ்சுக்கிடணும்னு நெனைக்கீங்க?" என்று நோயாளியிடமே கேட்டுவிடலாம். சிலர் எல்லாம் கேட்பார்கள், சிலர் "நீயே பாத்துக்கோ" என்பார்கள்.

கடைசியாக, "தசரா முடியட்டும்" என்று சோதனையைத் தள்ளிப்போடுவது. குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு வேஷம் கட்ட நேர்ந்துகொண்டு, 48 நாள் விரதம் இருப்பவர்களும் உண்டு. நேர்ச்சைக்கும் சோதனைக்கும் சண்டையே இல்லை; விரத மாலையைக் கழற்றுவதற்காகச் சோதனை காத்திருக்கத் தேவையில்லை. ஊசியால் எடுக்கிற பயாப்ஸி என்றால் பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். விரதத்தில் ஒரு வேளைச் சாப்பாடுதான் என்றால் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதையும்.