காவலை ஏமாற்றும் கிருமி



அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்ள எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வரும் ஊர் நம் திருக்கடையூர். கணவனும் மனைவியும் அந்த வயதை ஆரோக்கியமாக எட்ட, எச்.ஐ.வி. கிருமியைப் பற்றி அறிவது அவசியம். இந்தியாவில் இக்கிருமி முதன்முதலில் 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் டாக்டர் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது இது தெரியவந்தது.

எப்படி ஒளிகிறது?

நம் இரத்தத்தில் 'டி' அணுக்கள் காவல் காக்கின்றன. ஒரு வகை உத்தரவு கொடுக்கும். மற்றொரு வகை, கிருமி புகுந்த அணுவைத் தேடி அழிக்கும். எச்.ஐ.வி. புகுவது உத்தரவு கொடுக்கும் அணுவுக்குள்ளேயே!

கொள்முதல் நிலையத்தில் மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசியால் நெல் மாதிரி எடுத்துப் பார்க்கிறார்கள் அல்லவா? அதுபோல, அணுவும் தனக்குள் இருப்பதன் மாதிரியை வெளிப்புறத்தில் காட்டும். கிருமியோ 'நெஃப்' என்ற புரதத்தால் அந்த மாதிரிகளில் பலவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் மறைத்தால் வேறொரு காவல் அணு சந்தேகப்படும். ஆகவே சிலவற்றை விட்டுவைக்கிறது. காவல் அணு ஏமாந்து போகிறது.

சில அணுக்களில் கிருமி வருஷக்கணக்காகத் தூங்கும். கோரையை அறுத்தாலும் கிழங்கு மண்ணில் கிடப்பது போல! மாத்திரையை நிறுத்தினால் மறுபடி முளைக்கும்.

செய்ய வேண்டியவை

1. "நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்று கேட்காதீர்கள். ஆளைப் பார்த்தால் கிருமி தெரியாது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ரகசியம். இருவரும் சேர்ந்தே போங்கள்.

2. கர்ப்பம் என்று தெரிந்ததும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கிருமி இருந்தாலும் சிகிச்சையால் குழந்தையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். கர்ப்பகாலச் சோதனையில் பெண்ணுக்கு முதலில் தெரியவந்தால், 'அவளால்தான் வந்தது' என்று பழி போடுவது அநியாயம். முதலில் தெரிந்தது யாருக்கு என்பது வேறு, யாரிடமிருந்து வந்தது என்பது வேறு.

3. அரசு 2004-ம் ஆண்டு முதல் கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. தினமும் தவறாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத நிலையை அடைந்து, அதிலேயே நீடித்தால், தாம்பத்தியத்தின் மூலம் துணைக்குப் பரவாது. அதுவரை ஆணுறை அவசியம்.

4. சேர்ந்து சாப்பிடுவதாலோ, ஒரே குளத்தில் குளிப்பதாலோ பரவாது. யாரையும் ஒதுக்காதீர்கள்.

சந்தேகமா? 1097-க்குப் போன் செய்யுங்கள். கட்டணமில்லை.

கிருமி மறைந்து வாழ்கிறது. தம்பதிகளுக்குள் மறைவு வேண்டாம்.