இழுத்தால் மட்டும் போதுமா? டிராக்டர், டிரெய்லர், கொக்கி வாங்கும் முன் ஒரு பாடம்



1989ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் குழுக்கள் அடுத்த சில ஆண்டுகளிலேயே நம் சேலத்துக்கும் வந்துவிட்டன. அன்று ஆடு, மாடு, இட்லிக்கடை என்று கடன் கேட்ட பெண்கள் இன்று டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் கடன் கேட்கிறோம். இது பெருமைப்பட வேண்டிய வளர்ச்சி. ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது நாம். மாதத் தவணை கட்டுவதும் நாம். வண்டியைத் தேர்வு செய்வது மட்டும் யார்? "அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குவாங்க" என்று ஒதுங்கிவிடுகிறோம். குப்பனூர் பாதை போன்ற மலைப்பாதையில் தப்பான வண்டி ஓடினால் நஷ்டம் பணத்தோடு முடியாது, உயிரும் போகலாம். அதனால் இந்த மாதப் பாடம் இதுதான்.

முதல் கேள்வி: என்ன பாரம், எந்தப் பாதை?

வண்டி பார்க்கப் போகும் முன் குழுக் கூட்டத்தில் ஒரு தாளை எடுத்து, எதை ஏற்றப் போகிறோம், எங்கிருந்து எங்கே, வாரம் எத்தனை நடை என்று எழுதுங்கள்.

பாரத்தைக் கண்ணால் அளக்கக் கூடாது, கிலோவில் எழுத வேண்டும். 50 கிலோ மூட்டை 60 ஏற்றினால் 3 டன். செங்கல் ஆயிரம் ஏறத்தாழ 3 டன் வரும். மணல் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, 4 டன்னுக்கு மேல். ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். 5,000 லிட்டர் தண்ணீர் என்றால் 5 டன். இதோடு டிரெய்லரின் சொந்த எடையையும் சேர்க்க வேண்டும். வெறும் பெட்டியே ஒரு டன்னுக்கு மேல் இருக்கும்.

தோட்டத்துக்குள், ஊருக்குள், சமவெளி வயலில் வேலை என்றால் டிராக்டரும் டிரெய்லரும் சரி. உழவுக்கும் ஆகும், வாடகைக்கும் ஆகும். ஆனால் காப்பி, மிளகு, ஆரஞ்சு மூட்டைகளை ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறக்குவதுதான் முக்கிய வேலை என்றால், குட்டி யானை அல்லது பிக்கப் வண்டியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். அதில் பாரமும் இன்ஜினும் ஒரே சட்டத்தின் மேல் இருக்கிறது, நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு. பின்னால் தொங்கி வரும் பெட்டி இல்லாததால் வளைவில் திருப்பவும் சுலபம்.

ஏற்றம்: குதிரை சக்தி மட்டும் போதாது

சேலம் ஊர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்தில் இருந்து போகிற எந்தப் பாதையும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறித்தான் ஆக வேண்டும்.

பத்து அடி போனால் ஒரு அடி ஏறுகிற இடத்தில், ஒவ்வொரு டன்னுக்கும் கூடுதலாக 100 கிலோ இழுவை தேவைப்படும். டிராக்டர் 2 டன், பெட்டி 1 டன், பாரம் 3 டன், மொத்தம் 6 டன் என்று வையுங்கள். ஏற்றத்துக்கு மட்டும் 600 கிலோ கூடுதல் இழுவை. இதற்கு இன்ஜின் பலம் வேண்டும். அதோடு பின் சக்கரம் தரையைப் பிடிக்கவும் வேண்டும். அந்தப் பிடி டிராக்டரின் எடையிலும் டயரிலும் இருந்துதான் வருகிறது. எடை குறைந்த டிராக்டரும் தேய்ந்த டயரும் மழை ஈரத்தில் சுற்றிக்கொண்டே நிற்கும், ஏறாது.

இறக்கம்: இங்கேதான் ஆபத்து

ஒரு கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "மேடம், ஷோரூம்காரர் 50 ஹெச்.பி. எடுத்தா மலையே இழுக்கும்னு சொல்றாருங்க. எடுத்துடலாமா?" நான் சொன்னேன்: "இழுக்கும் அக்கா. இறங்கும்போது நிக்குமான்னு கேட்டீங்களா?"

பல டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். பெட்டிக்குப் பெரும்பாலும் பிரேக்கே இருக்காது. இறக்கத்தில் டிராக்டர் நிற்கப் பார்க்கும், பெட்டி பின்னால் இருந்து தள்ளும். வளைவில் தள்ளினால் டிராக்டரும் பெட்டியும் கத்திரி மாதிரி மடங்கிக் கவிழ்ந்துவிடும்.

பிரேக் இல்லாத பெட்டியும் பாரமும் சேர்ந்த எடை, டிராக்டரின் எடையைத் தாண்டாமல் இருப்பதுதான் மலைக்கு நல்ல கணக்கு. 40, 45 ஹெச்.பி. டிராக்டர் சுமார் 2 டன் இருக்கும். பெட்டியே ஒரு டன் என்றால் பாரத்துக்கு மிஞ்சுவது ஒரு டன்தான்! அதற்கு மேல் ஏற்ற வேண்டும் என்றால் பிரேக் வைத்த டிரெய்லர் கட்டாயம் வேண்டும். அந்த பிரேக்கை இணைக்கும் வசதி டிராக்டரிலும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

டிரைவரிடம் சொல்ல வேண்டியவை:
1. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். இறக்கம் தொடங்கும் முன்னமே கியர் போட்டுவிட வேண்டும்.
2. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடக் கூடாது. கிளட்ச்சை மிதித்துக்கொண்டும் இறங்கக் கூடாது.
3. இடது, வலது பிரேக் பெடல் இரண்டையும் ரோட்டில் சேர்த்துப் பூட்ட வேண்டும். தனித்தனியாக மிதிப்பது வயலுக்கு மட்டும்.

கொக்கி: சின்னப் பொருள், பெரிய பொறுப்பு

பல லட்சம் ரூபாய் வண்டியும் பாரமும் ஒரே ஒரு பின்னில்தான் தொங்கி வருகிறது. இதைக் கடைசியில் பார்க்காதீர்கள்.

கொக்கி தாழ்வாக, பின் ஆக்சிலுக்குக் கீழே இருக்க வேண்டும். உயரத்தில் மாட்டினால் ஏற்றத்தில் இழுக்கும்போது முன் சக்கரம் தூக்கும். டிராக்டர் அப்படியே பின்பக்கம் கவிழ்ந்து டிரைவரை நசுக்கிவிடும். சென்னைக் கடற்கரையில் பைபர் படகை டிராக்டர் கட்டி மணலில் இழுப்பார்கள். அங்கேயும் கயிற்றைத் தாழ்ந்த கொக்கியில்தான் கட்ட வேண்டும். கலப்பை மாட்டுகிற, ஹைட்ராலிக்கில் தூக்குகிற கைகளில் பாரப் பெட்டியை மாட்டவே கூடாது. அதற்கென்று சட்டத்தில் பொருத்திய டிரெய்லர் கொக்கி தனியாக உண்டு.

பின் ஓட்டைக்குச் சரியான கனத்தில் இருக்க வேண்டும். பழைய போல்ட்டு, கம்பித் துண்டு வேண்டாம். பின் மேலே துள்ளி வராமல் இருக்க அடியில் லாக் கிளிப் போட வேண்டும். பின் உடைந்தாலும் பெட்டி ஓடிவிடாமல் இருக்க டிராக்டருக்கும் பெட்டிக்கும் ஒரு கனமான சங்கிலி கட்டுங்கள். கொக்கியில் விரிசல், ஓட்டையில் தேய்மானம் இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள். இதைப் பார்க்க மெக்கானிக் படிப்பு தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

இரண்டு சக்கரப் பெட்டியில் பாரம் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்னால் ஏற்றினால் கொக்கியைத் தூக்கும், வண்டி ஆட்டம் போடும். ரொம்ப முன்னால் ஏற்றினாலும் டிராக்டரின் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது.

பெட்டியில் ஆள் ஏறக் கூடாது

2022 அக்டோபர் 1 அன்று உத்தரப்பிரதேசம் கான்பூர் மாவட்டத்தில் கோயிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்து 25 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நம் பக்கம் வேலைக்கும் விசேஷத்துக்கும் பெட்டியில் ஏறிப் போவது யார்? நாம்தானே? சரக்குப் பெட்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு. விபத்து நடந்தால் காப்பீட்டுப் பணமும் சிக்கலாகும். குழு வாங்கும் வண்டியில் "ஆள் ஏற்றமாட்டோம்" என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவிடுங்கள்.

காகிதங்கள்

டிராக்டருக்கு ஒரு பதிவு, டிரெய்லருக்குத் தனிப் பதிவு. காப்பீட்டில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். விவசாய வேலைக்கென்று பதிந்த வண்டியில் வாடகைக்கு மணல், செங்கல் ஓட்டினால் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். வாங்கும் முன்னே இதைக் கேட்டுத் தெளிவாகுங்கள். மானியம் உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். முதலில் சில நடை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தால், வேலை கிடைக்குமா, தவணை கட்ட முடியுமா என்பதும் தெரிந்துவிடும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் பாரம் எத்தனை டன்? பெட்டியின் எடையைச் சேர்த்தோமா?
2. நம் பாதையில் செங்குத்தான இறக்கம் எங்கே இருக்கிறது?
3. பெட்டிக்கு பிரேக் உண்டா? கொக்கி எந்த உயரத்தில்?
4. பின், கிளிப், சங்கிலியை வாரம் ஒரு முறை பார்க்கும் பொறுப்பு யாருக்கு?

ஷோரூமுக்குப் போகும்போது ஊக்குநர், பிரதிநிதியோடு இன்னும் இரண்டு உறுப்பினர்களாவது போங்கள். விலையைக் கேட்கும் முன் டிராக்டருக்குப் பின்னால் போய்க் குனிந்து கொக்கியைப் பாருங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். தவணை கட்டப் போவது நாம்தான்.