தாயக்கட்டையைத் தராசில் போடும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

பூட்டு ரிப்பேருக்கு வருகிறவர்களிடம் கூலிக்குப் பதிலாகப் பழைய பித்தளைத் தாயக்கட்டைகளை வாங்கிச் சேர்த்திருக்கிறாய். அவற்றைப் பித்தளைக் கடையில் எடைக்குப் போட்டு, லீவர் வெட்டத் தகடு வாங்கப்போவதாக எழுதியிருக்கிறாய். நாகல் நகரில் சின்னப் பட்டறை நடத்துகிறவனுக்கு இது நல்ல யோசனைதான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் தகடு விலை குறைந்துவிடவில்லையே.

நீயே உருக்கிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடும். பித்தளை உருகுவதும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான். மூசையிலிருந்து வெள்ளைப் புகையாகப் போவது உன் துத்தநாகம். அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். வார்ப்புப் பித்தளையில் ஈயமும் கலந்திருக்கலாம், அது இன்னும் மோசம். இத்தனைக்கும் பிறகு கையில் மிஞ்சுவது வார்ப்புக் கட்டி. அதைத் தகடாக்க உருட்டாலை வேண்டும், உன் சுத்தியல் போதாது. ஆகவே மாற்றிக்கொள்வதே சரி.

ஆனால் மூட்டையை அப்படியே கொண்டுபோகாதே. முதலில் காந்தம் வைத்துப் பார். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். உன் பட்டறையில் தகடு வெட்டி மிஞ்சிய துண்டுகளை இதோடு கலக்கவே கூடாது. அவை ஒரே சரக்கு, சுத்தமான பித்தளை, தனியாகப் போட்டால் நல்ல விலை போகும். வார்ப்போடு கலந்துவிட்டால் கடைக்காரர் முழு மூட்டைக்கும் மட்டமான விலைதான் போடுவார். கழிவு எவ்வளவு பிடிப்பார் என்பதைத் தராசில் ஏற்றுவதற்கு முன்பே பேசிவிடு. தகட்டின் கனத்தையும் கூடவே சொல்லிவிடு, பிறகு வாய்ச்சண்டை வராது.

அடுத்தது ஜோடி. நீளமும் புள்ளியும் ஒத்த இரண்டு கட்டைகள் கிடைத்தால் எடைக்குக் கொடுக்காதே. வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழித்துத் தாயம் ஆடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒற்றைக் கட்டை வெறும் பித்தளை. ஜோடி விளையாட்டுச் சாமான், அதற்கு வேறு விலை. விற்பதற்கு முன் வெர்னியரால் நாலு பக்கத்தையும் அள. ஒரு பக்கம் அகலமாக இருந்தால் கட்டை அந்தப் பக்கமே அதிகம் படுக்கும். புள்ளியில்லாத பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அகலமென்றால் பன்னிரண்டாக விழுந்துகொண்டே இருக்கும், வீட்டில் சண்டைதான்! அரம் பிடிக்கத் தெரிந்த உனக்கு அதைச் சரிசெய்வது அரை மணி வேலை. லீவரைத் தேய்த்துப் பொருத்துகிற அதே கைதானே.

மூட்டையோடு செல்லுபடியாகும் காசு ஏதாவது வந்தால் எடுத்து வைத்துவிடு. 2011 நாணயச் சட்டப்படி அதை உருக்குவது குற்றம். உழவில் கிடைத்தது என்று யாராவது பழைய சாமான் கொண்டுவந்தால் வாங்காதே, தாசில்தாரிடம் காட்டச் சொல். கீழடியில் தந்தப் பகடையும் சுடுமண் வட்டும் கிடைத்த பிறகு நம் பக்கத்து நிலங்களையும் லேசாக நினைக்க முடியவில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு, பொறுத்துக்கொள்.

கட்டைகளைப் பிரித்துவிட்டு எத்தனை ஜோடி தேறியது என்று எழுது. புள்ளி தேய்ந்தவை இருந்தால் இங்கே கொண்டுவா. அளவான பொட்டு உளி என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் அண்ணன்