வாங்கியவரின் கருவி, நிறுவனத்தின் வாசல்

கேள்வி: மாற்றியமைத்த வீடியோ கேம் கருவிகளை இணைய ஆட்டத்திலிருந்து நிறுவனங்கள் விலக்குவது நியாயமா?

பதில்: 2009 நவம்பரில் மைக்ரோசாஃப்ட், டிவிடி டிரைவின் ஃபர்ம்வேரை, அதாவது வன்பொருளுக்குள் பதிந்திருந்து அதை இயக்கும் மென்பொருளை, நகல் வட்டுகளையும் அசலென ஏற்கும்படி மாற்றிய எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகளை, இணைய ஆட்டச் சேவையான எக்ஸ்பாக்ஸ் லைவிலிருந்து பெருமளவில் விலக்கியது. தடை ஆட்டக்காரரின் கணக்கின்மீதன்றிக் கருவியின்மீதே விழுந்ததால், மாற்றியவர் வேறு கருவியில் தம் கணக்கைத் தொடர முடிந்தது; விவரம் அறியாமல் அப்பழைய கருவியை வாங்கியவரே, விசித்திரமாக, தண்டனையைச் சுமக்க நேர்ந்தது. சேவை நிறுவனத்துக்குரியது என்பதால் அதன் வாசலை அடைக்கும் உரிமையை மறுப்பது கடினம். ஆனால், வன்தட்டில் ஆட்டங்களைப் பதிவுசெய்யும் வசதியையும் சேர்த்து முடக்கியது, விலை கொடுத்தவரின் உடைமைக்குள்ளேயே கைவைத்த செயலாகும்.