சென்சார் ஒன்று, மீட்டர் ஒன்று: எதை நம்புவது?

கேள்வி: அம்மாவின் கையில் சர்க்கரை அளக்கும் சென்சார் ஒட்டியிருக்கிறோம். விரலில் குத்திப் பார்த்தால் வேறு அளவு வருகிறது. எதை நம்புவது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இரண்டுமே பயன்படும், அளக்கும் இடம்தான் வேறு. குளுக்கோமீட்டர் ரத்தத்தில் பார்க்கிறது. சென்சாரின் மயிரிழை போன்ற முனை, தோலுக்கடியில் சுமார் 5 மில்லிமீட்டர் ஆழத்தில், செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தில் இருக்கிறது. அதன் மேல் பூசிய நொதி குளுக்கோஸுடன் வினைபுரியும்போது உண்டாகும் நுண்ணிய மின்னோட்டமே போனில் எண்ணாக வருகிறது.

ரத்தத்தில் ஏறிய சர்க்கரை அந்தத் திரவத்துக்கு வந்துசேர 5 முதல் 15 நிமிடம் வரை ஆகலாம். அதனால் சாப்பிட்ட பிறகும் நடைப்பயிற்சியின்போதும் வித்தியாசம் கூடுதலாகத் தெரியும். சென்சார் உள்ள கை அழுந்தும்படி ஒருக்களித்துப் படுத்தாலும், சர்க்கரை குறைந்துவிட்டதாக நள்ளிரவில் பொய் அலாரம் அடிக்கலாம்.

எண்ணை மட்டும் பார்க்காமல் பக்கத்திலுள்ள அம்புக்குறியையும் பாருங்கள். 90 என்று காட்டி அம்பு கீழே சரிந்தால் கவனம் தேவை. அம்மாவுக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு இருந்தும் சென்சார் இயல்பான அளவு காட்டினால், உடனே விரலில் குத்திப் பாருங்கள். மீட்டர் கைவசம் இல்லையென்றால் காத்திருக்காமல் முதலில் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். டாக்டரைக் கேட்காமல் இன்சுலின் அளவை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.