சொல்லை மாற்றுங்கால்

ஒரு பத்தியைக் கொடுத்து, அதிலுள்ள சொற்களுக்குத் தக்க வேறு சொற்களை இட்டு எழுதுக என்பது மாணவர் பலரும் செய்துள்ள பயிற்சியே. இப்பயிற்சிக்கு வேண்டிய கருவியை அளித்தோருள் நம் சமயப் புலவர் சிறந்து நிற்கின்றனர். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு 12 தொகுதிகளை உடையது. முதற் பத்தும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுப்பன. பதினோராவது ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுப்பது. திண்ணைப் பள்ளிகளில் இந்நூலைச் சமய வேறுபாடின்றி மனப்பாடம் செய்தனர். முதற் பத்தை மட்டும் கற்றுப் பதினொன்றை விடுத்தவர் சொல் மாற்றும்போது இடறுவர். எவ்வாறெனக் காண்போம்.

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கு மேற்கே உள்ளது ஐவர்மலை. அங்குள்ள குகைத்தளத்தின் மேற்பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. இரண்டாம் வரகுண பாண்டியனின் கல்வெட்டும் அங்குண்டு. சகம் 792, அதாவது கி.பி. 870. அதன் செய்தியை நம் உரைநடையில் தருகின்றோம்:

“குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், பார்சுவ படாரரையும் இயக்கி அவ்வைகளையும் புதுக்கி, அவி படைக்கவும் அடிகள் ஒருவர்க்குச் சோறிடவும் 505 காணம் பொன் அளித்தார்.”

மாணாக்கர் என்பதற்குச் சீடர் என்றும், குரவர் என்பதற்கு ஆசிரியர் என்றும் இடலாம்; தடையில்லை. அவ்வை என்பதற்குத் தாய் பொருந்தும். கிழவி எனின் பிழை. காணம் இங்குப் பொன்னின் அளவு. தென்மாவட்டங்களில் கொள்ளுக்கும் காணம் என்றே பெயர். நிகண்டை நம்பி மாற்றிய சிறுவன் சாந்திவீரரைக் கொள்ளு வழங்கியவர் ஆக்கிவிடுவான்!

நகைத்து விடக்கூடிய பிழை இது. ‘புதுக்கி’ என்பதில் நேரும் பிழை அத்தகையதன்று. ‘புதிதாக அமைத்து’ என எழுதினால் அங்கு வழிபாடே 870இல்தான் தொடங்கியது என்றாகும். ‘சீர்செய்து’ என எழுதினாலோ, அதற்கு முன்பே திருவுருவங்கள் இருந்தன, சிதைந்தன, ஒருவர் வந்து பேணினார் என்னும் வரலாறு நிலைக்கும். ஒரு சொல்லின் மாற்றத்தால் நம் முன்னோர் சில தலைமுறையினர் அம்மலையினின்று அகற்றப்படுவர். இயக்கியை வெறும் ‘அம்மன்’ ஆக்குவதும் இதனோடு ஒக்கும். தீர்த்தங்கரரின் பணிதேவதை என்னும் தொடர்பு அற்றுவிடும்.

இத்தகைய மாற்றம் வழக்குமன்றத்திலும் நிகழ்ந்ததுண்டு. 2015 ஆகஸ்டு 10 அன்று இராசத்தான் உயர்நீதிமன்றம் சந்தாரா என்னும் சல்லேகனை நோன்பைத் தற்கொலையாகக் கொண்டு, தண்டனைக்குரியது எனத் தீர்ப்பளித்தது. அதே மாதம் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இரு சொல்லும் உயிர் நீங்குதலையே குறிக்கின்றன எனலாம். ஆயின் தற்கொலை துயராலோ சினத்தாலோ விளைவது. சல்லேகனையோ தவிர்க்கவியலா இடர், பஞ்சம், மூப்பு, தீராநோய் ஆகிய நிலைகளில், பற்றும் பகையும் நீக்கி மேற்கொள்வது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் பழங்கல்வெட்டு ‘நோற்ற’ என்னும் சொல்லையே ஆள்கின்றது. அவ்விடத்தில் ‘பட்டினி கிடந்த’ என எழுதிப் பாருங்கள். வயிறு ஒன்றே, மனம் வேறாகிவிடும்.

இல்லத்தில் சிறாருடன் செய்து பார்க்க ஒரு பத்தி:

“மலைமேற் பள்ளியில் அடிகள் ஒருவர் நோன்பிருந்தார். அறங்கேட்ட ஊரார் மாலையில் வீடு திரும்பினர். அடிகள் வினை நீங்கி வீடு எய்தினார்.”

பள்ளி, நோன்பு, அறம், வினை ஆகியவற்றுக்கு ஏற்ற சொற்களை இடுக. இரண்டு வீட்டிற்கும் ஒரே சொல் இடலாகாது. ‘பள்ளி’ என்பதைப் பள்ளிக்கூடம் என எழுதும் பிள்ளையைக் கடிந்து கொள்ளற்க. அப்பெயர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.