திரை இல்லாத கம்ப்யூட்டர்

கால்குலேட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன வித்தியாசம்? எங்க பதினொண்ணாம் வகுப்பில் சார் இதைக் கேட்டதும் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னோம். திரை என்றாள் ஒருத்தி, விலை என்றான் ஒருத்தன். "ஒலிவெட்டி புரோகிராமா 101-ன்னு ஒரு மெஷின் உண்டு. அதைப் படிச்சுட்டுச் சுவர் இதழ்ல எழுது" என்று சார் என்னிடம் சொல்லிவிட்டார். படித்ததை எழுதுகிறேன்.

1965-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு கண்காட்சியில் இத்தாலி நாட்டு ஒலிவெட்டி கம்பெனி இதை வைத்தது. உருவாக்கிய குழுவின் தலைவர் பியர் ஜார்ஜியோ பெரோட்டோ. பார்க்கப் பெரிய டைப்ரைட்டர் போல இருக்கும், எடை சுமார் 35 கிலோ. திரை கிடையாது, விடை காகிதச் சுருளில் அச்சாகி வரும். விலை 3,200 டாலர். அப்போது கம்ப்யூட்டர் என்றால் ஒரு அறை முழுக்க நிற்கும், லட்சக்கணக்கான டாலர் ஆகும். இதுவோ மேசையில் உட்கார்ந்தது. மொத்தம் 40,000-க்கு மேல் விற்றதாம்.

இது என்ன செய்யும் என்பதை நம்ம ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். எங்க மாமா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் எடுக்கிறார். ஒருவர் 12 கிலோ பால் கொண்டு வருகிறார், டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர்ந்த ரப்பரின் அளவு) 35 சதவீதம், விலை கிலோ 200 ரூபாய் என்று வச்சுக்குவோம். 12 பெருக்கல் 35, வகுத்தல் 100, பெருக்கல் 200. விடை 840 ரூபாய். அடுத்த ஆளுக்கு மறுபடி முதல்லேருந்து தட்டணும். 40 பேருக்கு 40 தடவை. 35-க்குப் பதிலா 25 அமுங்கிட்டா 600 ரூபாய்தான் வரும். அதிகாலையிலே எழும்பிப் பால் வெட்டுனவருக்கு 240 ரூபாய் போச்சு!

புரோகிராமாவில் இந்தப் படிகளை ஒரே ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும். 120 கட்டளைகள் வரை ஞாபகம் வைத்துக்கொள்ளும். எஸ் என்ற கட்டளை வரும் இடத்தில் எண்ணுக்காகக் காத்து நிற்கும். எடையையும் சதவீதத்தையும் தட்டினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். தட்டிய எண்ணும் தாளில் அச்சாவதால், தப்பிருந்தால் பால் கொண்டுவந்தவரே பார்த்துச் சொல்லலாம். கட்டளைகளை ஒரு காந்த அட்டையில் பதிந்து வைத்து நாளைக்கும் போடலாம்.

இன்னொரு வேலைதான் முக்கியம். டி.ஆர்.சி. 30-க்குக் கீழே போனால் விலையில் பிடித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண கால்குலேட்டருக்கு இது புரியாது, நாமதான் பார்த்து முடிவு பண்ணணும். புரோகிராமாவுக்கு "பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் இந்தப் படிக்குத் தாவு" என்று கட்டளை தரலாம். 30-ஐக் கழித்துப் பார்க்கச் சொன்னால் முடிவை அதுவே எடுக்கும். ஆனால் சரியாக 30 வந்தால் மீதி பூஜ்யம், மேலே இல்லை. நியாயமில்லாமல் பிடித்துவிடும்! தசமத்தில் ஓர் இடம் வரை பார்ப்பவர் 29.9-ஐக் கழிக்கச் சொல்லணும். மெஷினுக்குக் கருணை கிடையாது, கட்டளை எழுதுபவர்தான் யோசிக்கணும். படிகளை ஞாபகம் வைப்பதும் நிலைமை பார்த்துத் தாவுவதும்தான் கம்ப்யூட்டர் குணம் என்பது என் கருத்து. திரை எல்லாம் பிறகு வந்தது.

அதன் நினைவகம் 240 பைட்தான். அதுவும் சிப் இல்லை, சுருட்டிய ஒரு கம்பி! ஒரு முனையில் சின்ன முறுக்கல் கொடுத்தால் அது மெதுவாக மறுமுனைக்கு ஓடும். அங்கே அதைப் படித்து மறுபடி முதல் முனைக்கே அனுப்புவார்கள். கான்கிரீட் போடும்போது ஆட்கள் வரிசையாக நின்று சட்டி கைமாற்றுவார்கள் அல்லவா? அந்த வரிசையை வட்டமாக நிறுத்தி, நிறைந்த சட்டி 1, காலிச் சட்டி 0 என்று நினையுங்கள். சட்டி சுற்றிக்கொண்டே இருக்கும் வரை ஞாபகம் இருக்கும். கரண்டு போனால் எல்லாம் மறந்து போகும்.

நாசா அப்போலோ 11 பயணத்துக்கான கணக்குகளில் இதைப் பயன்படுத்தியது. 1968-ல் ஹியூலட் பேக்கர்ட் கம்பெனியின் 9100ஏ வந்தது. காந்த அட்டை விஷயத்துக்காக ஒலிவெட்டிக்குச் சுமார் 9 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. 1971-ல் பிசிகாம் என்ற ஜப்பான் கம்பெனியின் கால்குலேட்டருக்காக இன்டெல் செய்த சிப்தான் 4004 மைக்ரோபுராசசர்.

நம்ம பக்கத்திலும் இதே பாதை உண்டு. திருச்செந்தூர் அருகே மூலைப்பொழி கிராமத்தில் பிறந்து கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த ஷிவ் நாடார், டெல்லியில் டி.சி.எம். கம்பெனியில் வேலை பார்த்தார். 1976-ல் அதை விட்டுவிட்டு நண்பர்களோடு மைக்ரோகாம்ப் என்ற கம்பெனி தொடங்கினார். அவர்கள் முதலில் விற்றது கம்ப்யூட்டர் இல்லை, டெலிவிஸ்டா என்ற பெயரில் கால்குலேட்டர்! அந்த வியாபாரத்தை வைத்துத்தான் எச்.சி.எல். பிறந்தது. 1978-ல் 8சி என்ற கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தார்கள். ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனதும் அதே 1978-ல்தான்.

வாசகர்களுக்கு ஒரு பயிற்சி: "பூஜ்யத்துக்கு மேலேயா?" என்ற ஒரே சோதனையை வைத்து, மூன்று எண்களில் பெரியது எது என்று கண்டுபிடிக்கும் படிகளை எழுதி, அலுவலக வாசலில் உள்ள இதழ்ப் பெட்டியில் போடுங்கள். குறைந்த படிகளில் எழுதியவர் பெயர் அடுத்த இதழில் வரும்.